பெங்களூரில் மாட்டுக்கும் மீனுக்கும் தாவரத் தீவனம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன ஆகஸ்டில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், நாங்கள் ஊற்றும் பாலை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிட்டு, அறிக்கையை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே ஒரு வார்த்தை எழுதவில்லை. அஃப்ளடாக்சின் எம்1 (தீவனம் வழியாகப் பாலில் இறங்கும் ஒரு பூஞ்சை நஞ்சு) என்ற வரிக்கு நேரே 0.9 என்று இருந்தது. இந்தியாவில் பாலுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். தண்ணீர் கலக்காத பால், ஊசி போடாத மாடு என்று அடுக்குமாடிகளில் நான் பெருமை பேசி விற்ற பால் அது.

ஆனேக்கல் பக்கம் எங்களுக்கு நான்கு கறவை மாடுகளும் ஒரு சிறிய மீன்குட்டையும் இருக்கின்றன. மீன்தூள் கலந்த தீவனத்தில் பாதரசமும் டையாக்சினும் வரலாம் என்று எங்கோ படித்துவிட்டு, மீனுக்குப் புண்ணாக்கும் தவிடுமே போதும் என்று மாறினேன். கம்பெனித் தீவனம் விலை ஏறியதும் மாடுகளுக்கும் அதையே செய்தேன். மாறியதில் தவறில்லை. ஆனால் மீன்தூளோடு வரும் நஞ்சு வேறு, புண்ணாக்கோடு வரும் நஞ்சு வேறு. இரண்டாவதைப் பற்றி எனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஐந்து மாதமும் ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாயும் ஆயின. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

1. கடைக்குப் போகுமுன் கன்னடப் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள்

இது சின்ன விஷயமாகத் தோன்றும், இல்லை. நாம் புண்ணாக்கு என்பதை இங்கே ஹிண்டி என்கிறார்கள். தவிடு, உமி, பொட்டு எல்லாம் பூசா. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை எதுவானாலும் அது ஹிண்டிதான். தின்னக் கொடுப்பதும் ஹிண்டி, உரமாகப் போடுவதும் ஹிண்டி. ஒரே கடையில், ஒரே மாதிரிச் சாக்கில், பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள்.

தீவனத்துக்கு ஆகாதவை இவை: ஹொங்கே ஹிண்டி நம் புங்கன் புண்ணாக்கு. ஹரளு ஹிண்டி ஆமணக்குப் புண்ணாக்கு. இதில் ரைசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. பேவின ஹிண்டி வேப்பம் புண்ணாக்கு. ஹிப்பே ஹிண்டி இலுப்பைப் புண்ணாக்கு.

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு கதை உண்டு. தர்மபுரியிலிருந்து வந்து ஹொஸ்கோட்டை அருகே குத்தகைக்குக் குட்டை எடுத்த ஒருவர், கடையில் போய் “மீன்குட்டைக்கு ஹிண்டி கொடுங்கள்” என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் இலுப்பைப் புண்ணாக்கை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர் மேல் பிழை சொல்ல முடியாது. குட்டைக்காரர்கள் அதைத்தான் வழக்கமாக வாங்குவார்கள், மீன் வளர்க்க அல்ல, குஞ்சு விடுமுன் குட்டையில் இருக்கும் களைமீன்களைக் கொல்ல. அதிலுள்ள சபோனின் மீனின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு மீட்டர் ஆழக் குட்டையில் ஹெக்டேருக்கு 2,500 கிலோ போட்டால் மீனே மிஞ்சாது. இவர் போட்டது இரண்டு கூடைதான், ஆனால் குட்டையும் சிறியது. விடிந்து பார்த்தபோது கட்லாக்கள் வயிறு மேலாக மிதந்தன.

இன்னொரு குழப்பம் நம் மொழியால் வருவது. நாம் கடலை என்றால் வேர்க்கடலை. கன்னடத்தில் கடலே என்றால் கொண்டைக்கடலை. வேர்க்கடலைப் புண்ணாக்கு வேண்டுமென்றால் “கடலேகாயி ஹிண்டி” என்று முழுதாகக் கேளுங்கள். பில்லிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

2. எந்தப் பொருளில் எதற்குப் பயப்பட வேண்டும்

வேர்க்கடலைப் புண்ணாக்கு: முதல் எதிரி அஃப்ளடாக்சின் பி1. அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை உண்டாக்குவது. மாடு தின்றால் ஈரலில் எம்1 ஆக மாறி, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் பாலில் இறங்கிவிடும். காய்ச்சினாலும் போகாது, தயிராக்கினாலும் போகாது. பெங்களூர்ப் பிரச்சினை இது என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம்: 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368இல் எம்1 அளவு மீறியிருந்தது. அதிகம் சிக்கிய மாநிலம் தமிழ்நாடு.

மக்காச்சோளச் சக்கை: எத்தனால் ஆலைகளிலிருந்து வருவது, வியாபாரிகள் டி.டி.ஜி.எஸ். என்பார்கள். விலை மலிவு, புரதமும் நன்றாகவே இருக்கும். ஆனால் மக்காச்சோளத்தின் மாவுச்சத்து சாராயமாகப் போய்விட, மூன்று கிலோ ஏறத்தாழ ஒரு கிலோவாகச் சுருங்குகிறது. மக்காச்சோளத்தில் இருந்த பூஞ்சை நஞ்சு அந்த ஒரு கிலோவில் மும்மடங்காகத் திரண்டு நிற்கும். சோதனை அறிக்கை இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி.

பருத்திப் புண்ணாக்கு: காசிபால் என்ற நச்சுப்பொருள் உண்டு. வளர்ந்த மாட்டின் இரைப்பை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். கன்றுக்கும் மீனுக்கும் அந்த வசதி கிடையாது.

சோயா: பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, சூடுபடுத்தினால்தான் அடங்கும். வறுக்காத சோயாவை அரைத்துக் குட்டையில் போடாதீர்கள்.

பசுந்தீவனத்தில் இரண்டு. பூக்காத இளஞ்சோளம், குறிப்பாக வறட்சியில் வாடி மழைக்குப் பிறகு துளிர்த்தது, சயனைடு நஞ்சு கொண்டது. அரை மணி நேரத்தில் மாட்டைச் சாய்த்துவிடும். சூபாபுல் தழையில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் முடி உதிரும்.

3. இலவசமாகக் கிடைப்பதைச் சந்தேகியுங்கள்

இந்த நகரத்தில் தீவனம் சும்மாவும் கிடைக்கும். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏரிக்கரைப் புல்லைக் கட்டுக்கட்டாக வெட்டிக்கொண்டு போவதைப் பெல்லந்தூர், வர்த்தூர் பக்கம் பார்த்திருப்பீர்கள். பச்சைப்பசேலென்று இருக்கும், சாக்கடை நீர் பாய்ந்தால் வேறு எப்படி இருக்கும்? ஆலைக் கழிவு கலந்த நீரில் ஈயம், காட்மியம், குரோமியம் போன்றவை வரும். அவை காய்ச்சினாலோ காயவைத்தாலோ போகாதவை, மாட்டின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

நீரில் மிதந்து வளரும் சிறு பெரணியான அசோலாவும் இதே கணக்கில்தான் வரும். நல்ல தீவனம்தான், நானும் வளர்க்கிறேன். ஆனால் நீரிலுள்ள உலோகத்தை உறிஞ்சுவதில் அசோலாவுக்கு நிகரில்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்யவே அதைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். ஆகவே ஏரி நீரையோ, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத டேங்கர் நீரையோ அசோலாத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஒருமுறை சோதியுங்கள். நான்கு உலோகங்களுக்கு எனக்கு 3,540 ரூபாய் ஆனது.

பியர் ஆலைச் சக்கையைப் பால்காரர்கள் டிரம்மில் வாங்கி வருவார்கள். முக்கால் பங்குக்கு மேல் ஈரம். வந்த அன்றும் மறுநாளும் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும். மூன்றாம் நாள் மேலே வெண்பூஞ்சை படர்ந்திருக்கும். அதை வழித்துப் போட்டுவிட்டு அடியில் இருப்பதைக் கொடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பூஞ்சையை வழிக்கலாம், நஞ்சை வழிக்க முடியாது.

மார்க்கெட்டில் கழித்த முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வெளியிலைகள்: மருந்து முதலில் விழுவது அவற்றின் மேல்தான். நான் வாங்குவதில்லை.

4. மூட்டையை அவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

எங்கள் பகுதிக்குக் கடலைப் புண்ணாக்கு பெரும்பாலும் சள்ளகெரே எண்ணெய் ஆலைகளிலிருந்து யஷ்வந்த்பூர் வழியாக வருகிறது. வழியில் எத்தனை கிடங்கில் எத்தனை மழை பார்த்தது என்று சாக்கு சொல்லாது. ஒரு வில்லையை உடையுங்கள். “டக்” என்று முறிந்து, உடைந்த முகம் ஒரே நிறமாக, வறுத்த கடலை வாசத்தோடு இருக்க வேண்டும். வளைந்து முறிந்தாலோ, உள்ளே சாம்பல் நிறக் கோடு ஓடினாலோ, ஈரத்துணி வாடை வந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். தூளாக மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லும் கடையிலும் வாங்காதீர்கள். கெட்ட வில்லையை உடைத்துக் காயவைத்து, வெல்லப்பாகு தெளித்து விற்பது உண்டு.

பார்வைக்கு நன்றாக இருப்பதால் நஞ்சு இல்லை என்று ஆகிவிடாது. என்னுடைய 0.9க்குக் காரணமான புண்ணாக்கு கண்ணுக்கு மிக அழகாக இருந்தது.

புரதம் அதிகம் என்று காட்ட யூரியா கலப்பதும் உண்டு. வீட்டிலேயே பார்க்கலாம்: தீவனத்தை நீரில் ஊறவைத்து வடிகட்டி, அதில் வறுக்காத சோயா மாவு ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாளை நனையுங்கள். நீலமானால் யூரியா.

பில்லில் நான்கு இருக்க வேண்டும்: பொருளின் முழுப்பெயர், லாட் எண், தேதி, எடை. கலப்புத் தீவனமானால் மூட்டையில் ஐ.எஸ். 2052 (மாட்டுத் தீவனத்துக்கான இந்தியத் தர எண்) குறியும் தயாரித்த தேதியும் பாருங்கள். அந்தத் தர அளவு கறவை மாட்டுத் தீவனத்துக்கு அஃப்ளடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வரைதான் அனுமதிக்கிறது. பில் இல்லையென்றால் பிறகு நீங்கள் யாரிடமும் பேச முடியாது. எனக்கு அப்படித்தான் ஆனது. துண்டுச்சீட்டில் “ஹிண்டி 10 மூட்டை” என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

5. மாதிரி எடுப்பதில்தான் பணம் வீணாகிறது

முதல் தடவை நான் மேல்மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முடிவு கிலோவுக்கு 8 மைக்ரோகிராம் என்று வந்தது. சந்தோஷமாக மறுபடி அதையே மாடுகளுக்குப் போட்டேன். பாலில் எம்1 குறையவில்லை.

பூஞ்சை நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருக்காது. ஒரு மூலையில் திட்டாக இருக்கும், பக்கத்தில் ஒன்றுமே இருக்காது. அதனால் இப்படிச் செய்யுங்கள்: குத்தூசியால் எல்லா மூட்டைகளிலும் மேல், நடு, அடி என்று குத்தி எடுங்கள். பத்து மூட்டையானால் முப்பது குத்து. எல்லாவற்றையும் சுத்தமான தார்ப்பாயில் கொட்டி, வில்லைகளை உரலில் இடித்துத் தூளாக்கி, நன்றாகப் புரட்டுங்கள். வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்குகளை எடுத்துவிடுங்கள். மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி பிரியுங்கள். ஒரு கிலோ ஆகும்வரை இதேதான். அதில் பாதி ஆய்வகத்துக்கு. பாதியை உறையிலிட்டு, லாட் எண்ணும் தேதியும் எழுதிக் குளிர்பெட்டியில் வையுங்கள். தகராறு வந்தால் அந்தப் பாதிதான் உங்கள் சாட்சி.

சரியாக எடுத்தபோது அதே புண்ணாக்கு 160 காட்டியது.

6. ஆய்வகம்: தாள்கள், செலவு, நாள்

பெங்களூரில் தனியார் ஆய்வகங்கள் நிறைய இருக்கின்றன. போன் செய்தவுடன் “என்.ஏ.பி.எல். அங்கீகாரம் (ஆய்வகங்களுக்கான தேசியத் தரச்சான்று) இருக்கிறதா” என்று கேட்காதீர்கள்; எல்லோரும் இருக்கிறது என்பார்கள். “கால்நடைத் தீவனத்தில் அஃப்ளடாக்சின் பி1 சோதனை உங்கள் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா” என்று கேளுங்கள். உணவுப் பொருளுக்கு அங்கீகாரம் வாங்கிவிட்டுத் தீவனத்தையும் அதே கையோடு பார்த்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு. அந்த அறிக்கையை வியாபாரியிடம் காட்டினால் சிரிப்பார்.

கொண்டுபோக வேண்டியவை: மாதிரி, பில்லின் நகல், ஆதார் நகல், விண்ணப்பப் படிவம். படிவத்தில் எந்தெந்த நஞ்சைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள். “பொதுத் தரப் பரிசோதனை” என்று விட்டால் ஈரம், புரதம், நார், சாம்பல் பார்த்துத் தாளைக் கொடுத்துவிடுவார்கள், நஞ்சைப் பற்றி ஒரு வரி இருக்காது. எனக்கு ஒரு 1,800 ரூபாய் அப்படிப் போனது.

அஃப்ளடாக்சினுக்கு என்னிடம் 2,000 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வாங்கினார்கள். பாலில் எம்1 பார்க்கவும் அதே தொகை. சொன்னது ஐந்து வேலைநாள், வந்தது எட்டாம் நாள். எனவே புது லாட் வாங்கினால் பழைய தீவனம் குறைந்தது பத்து நாளைக்கு மிச்சமிருக்கும்படி திட்டமிடுங்கள். கையிருப்பு தீர்ந்தபின் சோதனைக்குக் கொடுத்தால், மாடு உங்கள் அறிக்கைக்காகப் பட்டினி கிடக்காது; நீங்களே மூட்டையை அவிழ்த்துவிடுவீர்கள்.

தீவனக் கலவை பற்றிய சந்தேகத்துக்கு ஆடுகோடியில், ஓசூர் சாலையில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் இருக்கிறது. மீனுக்கு ஹெசரகட்டாவில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் மண்டல மையம். போகும்போது என்ன தீவனம், எத்தனை கிலோ, எத்தனை லிட்டர் பால் என்று ஒரு மாதக் கணக்கை எழுதிக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

7. அறிக்கை வந்தபின்

ஒரு சின்னக் கணக்கு போதும். தின்ற பி1இல் ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் பாலில் எம்1 ஆக வரும். அதிகம் கறக்கும் மாட்டில் 6 சதவீதம் வரைகூடப் போகும். என் மாடு நாளுக்கு 3 கிலோ புண்ணாக்குத் தின்றது. கிலோவுக்கு 160 என்றால் 480 மைக்ரோகிராம். அதில் 2 சதவீதம் 9.6. பால் 10 லிட்டர். லிட்டருக்கு 0.96. ஆய்வகம் சொன்ன 0.9 எங்கிருந்து வந்தது என்பது ஒரு காகிதத்துண்டில் தெரிந்துவிட்டது.

அளவு மீறியிருந்தால் அன்றே நிறுத்துங்கள். நிறுத்திய மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும்; ஐந்தாம் நாள் பாலைச் சோதித்துவிட்டு விற்பனையைத் தொடங்குங்கள். நான் அதுவரை கறந்த பாலைக் கீழே ஊற்றினேன். வாடிக்கையாளர்களிடம் காரணத்தையும் சொன்னேன். இரண்டு வீடுகள் நின்றன, மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

கெட்டதை நல்லதோடு கலந்து “சராசரி” ஆக்கலாம் என்று வியாபாரி ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம். கோழிக்கும் வாத்துக்கும் போட்டுத் தீர்க்கலாம் என்பார்கள். வளர்ப்புப் பறவைகளில் வாத்துக்குஞ்சுபோல இந்த நஞ்சுக்குச் சுருள்வது வேறில்லை. வெயிலில் காயப்போட்டால் பூஞ்சை அடங்கும், நஞ்சு முழுதாகப் போகாது. நஞ்சை வயிற்றில் பிடித்துவைக்கும் டாக்சின் பைண்டர் தூள் கொஞ்சம் உதவும், முன்னெச்சரிக்கையாகப் போடலாம். 160ஐ 20 ஆக்கும் மந்திரம் அதில் கிடையாது. கெட்ட புண்ணாக்கை மாடு எட்டாத இடத்தில் குழிவெட்டிப் புதைத்துவிடுங்கள்.

8. அடுக்கி வைப்பது

சிமெண்டுத் தரையில் மூட்டை வைக்காதீர்கள், மரச்சட்டத்தின் மேல் வையுங்கள், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. ஜூன் முதல் அக்டோபர் வரை பதினைந்து நாளைக்கு மேல் இருப்பு வேண்டாம். அரிசித் தவிடு சீக்கிரம் சிக்கெடுத்துவிடும், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

மீனுக்குத் தவிடும் புண்ணாக்கும் சரிபாதி கலந்து, துளையிட்ட சாக்குப்பையில் கட்டிக் கழியில் தொங்கவிடுங்கள். அள்ளி வீசினால் தின்னாதது அடியில் அழுகி அமோனியா ஏறும், பிறகு அதற்கொரு மருந்து தேடுவீர்கள். மாலையில் பையைத் தூக்கிப் பாருங்கள். மிச்சமிருந்தால் மறுநாள் குறைத்துவிடுங்கள்.

9. மருந்து கொடுத்தால் நாளை எண்ணுங்கள்

தாவரத் தீவனம்தானே என்று மருந்தின் எச்சத்தை மறந்துவிடுகிறோம். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகள் உணவாகும் மீனுக்கும் மாட்டுக்கும் கூடவே கூடாது. கடையில் “மீனுக்கு நல்ல பவுடர்” என்று பெயரில்லாப் பொட்டலம் கொடுத்தால் வாங்காதீர்கள். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்கு 2019இல் தடை செய்யப்பட்டது. பழைய தீவன மூட்டையின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கால்நடை மருத்துவர் எழுதும் மருந்துக்கு உறையில் விலக்கு நாள், அதாவது மருந்தை நிறுத்தியபின் விற்காமல் காத்திருக்க வேண்டிய நாள், இருக்கும். இல்லையென்றால் 2012 முதல் உள்ள விதி இது: பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள், மீனுக்கு 500 டிகிரி நாள். கடைசியாகச் சொன்னது பலருக்குப் புரிவதில்லை. நீரின் வெப்பத்தை நாளால் பெருக்கினால் 500 வர வேண்டும், அவ்வளவுதான். குட்டை நீர் 25 டிகிரி என்றால் 20 நாள். பெங்களூர் டிசம்பரில் நீர் 20 டிகிரிக்கு இறங்கினால் 25 நாள். ஒரு தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டிக் குட்டையில் விடுங்கள், காலையும் மாலையும் பார்த்துச் சுவரில் எழுதுங்கள். மருத்துவர் சீட்டை அதற்குப் பக்கத்திலேயே ஆணியில் குத்தி வையுங்கள். மீன் வாங்க வருபவர் கேட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒன்று விட்டுப்போனது: ஆய்வகத்துக்கு வெள்ளிக்கிழமை மாலை மாதிரி கொண்டுபோகாதீர்கள். பால் மாதிரி திங்கட்கிழமைவரை மேசையில் கிடந்து திரிந்துபோகும், மறுபடி கட்டணம் கட்டச் சொல்வார்கள். திங்கள் காலை பத்தரைக்குள், பாலை ஐஸ் டப்பாவில் வைத்து.